கேமரன் மலையின் கிழட்டுச் சிங்கங்கள்



கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களிடம் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? குளிரைச் சொல்வார்கள். தேயிலைத் தோட்டத்தின் பச்சையைச் சொல்வார்கள். ஸ்ட்ராபெரிப் பழத்தையும் ரோஜாப் பூவையும், வரும் வழியில் வாங்கி வந்த முட்டைக்கோஸையும் சொல்வார்கள். ஆனால் மலையில் கால் வைத்தது முதல் இறங்கும் வரை கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்த ஒன்றை மட்டும் பெரும்பாலும் சொல்ல மறந்துவிடுவார்கள். பழைய லேண்ட்ரோவர் பிக்கப் வண்டிதான் அது!

முன்னால் உட்கார ஒரே வரிசை, பின்னால் திறந்த தொட்டி. தொட்டி நிறையக் காய்கறிக் கூடைகள். பெயிண்ட் போயிருக்கும், கதவைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள், ஒரு விளக்கு எரியும், ஒன்று எரியாது. ஆனாலும் நமது புதுக் கார் ஏற அஞ்சும் சேற்று மேட்டில் உறுமிக்கொண்டே ஏறிப் போகும். நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியும் உழைக்கும் இந்தக் கிழட்டுச் சிங்கங்களையும், அவற்றைச் சாகவிடாமல் காத்து வரும் கைகளையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வாருங்கள், தாப்பாவிலிருந்து புறப்படுவோம்.

மலைப்பாதை

தாப்பாவிலிருந்து தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர். இப்போது சிம்பாங் பூலாய் வழியாகவும் அகன்ற சாலை உண்டு. என்றாலும், மலையின் குணத்தை அறிய வேண்டுமானால் பழைய தாப்பா பாதையில்தான் போக வேண்டும். 1926-இல் தொடங்கி 1931-இல் முடிந்த பாதை இது. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு. வழியில் லாத்தா இஸ்கந்தார் அருவி. ஓரத்திலே பெத்தாய்க் காயும் மூங்கிலும் விற்கும் பூர்வகுடி மக்களின் கடைகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு இஞ்சி மிட்டாய் கொடுத்துவிட்டு மேலே போவோம்.

பேராக் எல்லை முடிந்து பகாங் தொடங்கியதும் ரிங்லெட் பட்டணம் வரும். அதைத் தாண்டினால் சுல்தான் அபு பக்கார் அணையின் ஏரி. இந்தப் பக்கத்தில்தான் 1929-இல் ஜே.ஏ. ரஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் செடி நட்டுக் கொழுந்து கிள்ளியவர்களில் நம்மவர்கள் எத்தனையோ பேர்! அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இந்த மலையில் இருக்கிறார்கள். தானா ராத்தா, பிரிஞ்சாங், திரிங்காப், கம்போங் ராஜா என்று மேலே போகப் போகச் சரிவெல்லாம் காய்கறித் தோட்டங்கள். அந்தச் சரிவுகளில் இருந்து கூடையை இறக்க வேண்டும். உர மூட்டையை ஏற்ற வேண்டும். சாதாரண லோரி அந்த மண் பாதையில் நுழைய முடியாது. அங்கேதான் நம் சிங்கத்துக்கு வேலை!

சிங்கத்தின் பிறப்பு

லேண்ட்ரோவர் இங்கிலாந்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். ரோவர் கம்பெனியின் மோரிஸ் வில்க்ஸ் என்பவர் தம் பண்ணையில் ஒரு போர்க்கால அமெரிக்க ஜீப்பை வைத்திருந்தார். அதைப் போல விவசாயிக்கு உதவும் வண்டி ஒன்றை நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் 1947-இல் அவருக்கு வந்தது. 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் வண்டி வெளியே வந்தது. அப்போது இரும்புத் தகட்டுக்குப் பெரும் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். வேறு வழியில்லாமல் செய்த அந்தக் காரியமே, பனியும் மழையும் ஓயாத மலைக்கு வரமாக அமைந்துவிட்டது. அலுமினியம் துருப்பிடிப்பதில்லை அல்லவா?

1958-இல் இரண்டாம் வரிசை வண்டி வந்தது. மூன்றாம் வரிசை 1971-இல் தொடங்கி 1985-இல் நின்றது. அதன் வழிவந்த டிபெண்டர் வண்டியின் பழைய மாடலும் 2016 ஜனவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே மலையில் ஓடும் பழைய வண்டிகளுக்கு இனி தம்பி பிறக்கப் போவதில்லை. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு. அரசாங்க இலாகாக்களும் இராணுவமும் ஓட்டிக் கழித்து ஏலம் விட்ட வண்டிகள் பலவும் இப்படித்தான் விவசாயிகள் கைக்கு வந்து, இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த வண்டியில் கம்ப்யூட்டர் இல்லை. பல பாகங்களைச் சாதாரண ஸ்பேனரால் கழற்றலாம். அதுவே அதன் பலம். ஆனால், கழற்றத் தெரிந்தால் போதாது. எதைக் கழற்றக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். அந்த வித்தையைத்தான் பிரிஞ்சாங்குக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகையில் நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கொட்டகை

அது பட்டறையும் அல்ல, சங்கமும் அல்ல. பெயர்ப் பலகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வண்டிகள் மீது பிரியம் கொண்ட ஐந்தாறு பேர் கூடுகிறார்கள். ஒருவர் சீனக் காய்கறித் தவுக்கே. ஒருவர் மலாய்க்கார இளம் ஆசிரியர். ஈப்போவிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருகிற இரண்டு இளைஞர்கள். நடுநாயகமாக ஒரு தமிழ்ப் பெரியவர். தேயிலைத் தோட்டத்தில் கெலிண்டானாக ஏறி, பிறகு லோரி டிரைவராகிக் கொழுந்து மூட்டை ஏற்றியே ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரைத் தாத்தா என்கிறார்கள். தவுக்கே மட்டும் 'அண்ணே' என்கிறார். பேச்சு பாதி மலாய், பாதி தமிழ். மற்றது ஸ்பேனர் சத்தம்.

அன்று ஓர் இளைஞர் தம் பிக்கப்பைக் கொண்டு வந்திருந்தார். கூலிக்குக் காய்கறி ஏற்றுபவர். வண்டி ஓடினால்தான் அன்றைய சம்பளம். மேட்டில் ஏறும்போது இன்ஜின் இருமி நின்றுவிடுகிறதாம். பிளக் மாற்றிவிட்டார், பாயிண்ட் மாற்றிவிட்டார், பெட்ரோல் பம்பும் மாற்றிவிட்டார். இனி கார்பரேட்டர் மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். "அதுக்கும் கடன் வாங்கணும் தாத்தா. பேசாம இரும்புக் கடைக்குப் போட்டுரலாமான்னு பாக்குறேன்" என்றார். குரல் கம்மிப் போயிருந்தது. வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் என்று பிறகு சொன்னார்கள்.

பெரியவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"கெளம்பி எத்தன நிமிஷத்துல நிக்குது?"

"பத்து, பதினஞ்சு நிமிஷம் தாத்தா."

"நின்னா ஒடனே ஸ்டார்ட் ஆவுதா?"

"இல்ல. கொஞ்ச நேரம் விட்டாத்தான் ஆவுது."

"எப்ப இருந்து இப்படி?"

இளைஞர் யோசித்தார். "பெயிண்ட் அடிச்சேன் தாத்தா. அதுக்கப்புறந்தான்."

பெரியவர் சிரித்துவிட்டார். "போயி ஒரு சுத்து மேட்டுல ஓட்டு. நின்ன எடத்துலயே பெட்ரோல் மூடியத் தொற. காதக் கிட்ட வச்சிக் கேளு."

நாங்களும் பின்தொட்டியில் ஏறிக்கொண்டோம். மேட்டில் வண்டி நின்றது. மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம்! உடனே வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. விஷயம் இதுதான்: டாங்கியிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சிறு துளை இருக்கிறது. பெயிண்டும் சேறும் சேர்ந்து அந்தத் துளையை அடைத்துவிட்டன. காற்று போக வழியில்லை. பம்ப் இழுத்து இழுத்துப் பார்த்தும் பெட்ரோல் வரவில்லை. நிறுத்திக் கொஞ்ச நேரம் வைத்தால் எங்கோ ஓர் இடுக்கு வழியாகக் காற்று கசிந்து, மறுபடியும் ஓடும். மெல்லிய கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்தார்கள். செலவு ஒரு காசும் இல்லை. இளைஞர் எல்லாருக்கும் தே வாங்கிக் கொடுத்தார்.

பேத்தியின் நோட்டுப் புத்தகம்

பெரியவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. பாயிண்ட் இடைவெளியைப் பார்க்க முடிவதில்லை. நான்காம் படிவம் படிக்கும் பேத்திதான் அவருக்குக் கண். அவர் கேட்பார், அவள் பார்த்துச் சொல்வாள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வாள்: தேதி, வண்டியின் வரிசை, என்ன குறை, என்னென்ன சந்தேகப்பட்டார்கள், கடைசியில் எது காரணம். அன்று மூடித் துளையும் ஏறியது. அவள் அனுமதியோடு அதிலிருந்து சிலவற்றை உங்களுக்காகத் தருகிறேன். லேண்ட்ரோவர் மட்டுமல்ல, உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய டட்சனுக்கும் டொயோட்டாவுக்கும் இவற்றில் பல பொருந்தும்.

1. ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு மூன்றே கேள்விகள். இன்ஜின் சுற்றுகிறதா? நெருப்புப் பொறி வருகிறதா? பெட்ரோல் வருகிறதா? இந்த வரிசையிலேயே பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒரேயடியாக மாற்றினால் எது குறை என்று கடைசி வரை தெரியாது.

2. பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு வரை. பீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை விட்டு அளக்க வேண்டும். மலையில் காலையில் வண்டி எழும்பவில்லை என்றால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே துடையுங்கள். பனி ஈரமே பாதி நாள் காரணம்.

3. விளக்கு மங்கினால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் கம்பியைப் பாருங்கள். இரும்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் வெள்ளை மாவு போலப் பூத்திருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து முடுக்கினால் விளக்கு பிரகாசிக்கும். இன்னொன்று: மிகப் பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே உடலோடு இணைந்திருக்கும். பார்க்காமல் மாற்றி மாட்டினால் பொருள் கெடும்.

4. சமவெளியில் சரியாக ஓடிய வண்டி மலையில் கரும்புகை விட்டால் பயப்பட வேண்டாம். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. கீழே வைத்த அளவுக்குப் பெட்ரோல் போனால் அது அதிகமாகிவிடும்.

5. பழைய வண்டியின் நட்டுகள் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் முனை மழுங்கிவிடும். கழற்றிய நட்டுகளைப் பால் டின்களில் தனித்தனியாகப் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

6. தார் ரோட்டில் நான்கு சக்கர இழுவையைப் போடாதீர்கள். இந்தப் பழைய வண்டியில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். வளைவில் அவை வெவ்வேறு தூரம் போகின்றன. சேற்றில் சறுக்கிச் சமாளிக்கும்; தாரில் சறுக்க முடியாமல் கியர்ப் பெட்டியும் ஆக்சிலும் முறுக்கேறித் தவிக்கும்.

உயிர் காக்கும் நான்கு விஷயங்கள்

நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதிய பக்கம் ஒன்று இருக்கிறது. பெற்றோர்கள் இதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

முதலாவது, கைப் பிரேக். பழைய லேண்ட்ரோவரில் கைப் பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால், சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டைத்தான் பிடிக்கிறது. ஆகவே ஜாக் வைத்து ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால், தொங்கும் சக்கரம் சுற்ற, கைப் பிரேக் போட்டிருந்தும் வண்டி உருண்டு போகலாம்! சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கைத் தொடவே கூடாது.

இரண்டாவது, ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. செங்கல்லும் ஆகாது, பொடிந்துவிடும். இரும்பு ஸ்டாண்டு வேண்டும்.

மூன்றாவது, கால் பிரேக். பழைய மாடல்களில் பெரும்பாலும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். ஓர் இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரப் பிரேக்கும் போகும். தாப்பா இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகவே காலம் தவறாமல் மாற்ற வேண்டும். இறங்கும்போது சிறிய கியரில் இன்ஜினின் பிடிப்பில் இறங்குங்கள், பிரேக்கைச் சூடேற்றாதீர்கள்.

நான்காவது, பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் ஊதாதீர்கள். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு

ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் பழைய பிக்கப் ஒன்று வாங்கலாம் என்று ஆசைப்படும் அன்பர்கள் உண்டு. ஆசை தவறல்ல. ஆனால், புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். உடல் அலுமினியமாக இருந்தாலும் அடியில் தாங்கும் சேஸிஸ் இரும்பு. டிரைவரின் காலடித் தகடும் அதைத் தாங்கும் முன் சுவரும் இரும்பு. சேறு தங்கித் தங்கி அவைதான் துருப்பிடிக்கும். சின்னச் சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். செத்த இரும்பு தொப்பென்று சொல்லும். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தை அவசியம் தட்டிப் பாருங்கள்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ஸ்பிரிங் பட்டைகளைப் பாருங்கள். டிரைவர் பக்கத்துப் பட்டை கொஞ்சம் பலமானது. யாரோ இடம் மாற்றி மாட்டியிருக்கலாம். தரையில் எண்ணெய்த் துளி விழுகிறதே என்று அஞ்ச வேண்டாம். லேண்ட்ரோவரில் எண்ணெய் ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெயே இல்லை என்று அர்த்தம் என்பது அந்தக் கொட்டகையின் பழைய வேடிக்கை!

முக்கியமாகக் காகிதம். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் கெரானில் உள்ளபடி இருக்க வேண்டும். ஜப்பான் டீசல் இன்ஜின் மாற்றி வைத்த வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. அந்த மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகா ஏற்றுப் பதிந்திருந்தால்தான் வாங்கலாம். தோட்டப் பாதையிலேயே ஓடி, சாலை வரி கட்டாமல் கிடந்த வண்டி மலிவாக வரும். அதை உங்கள் தாமானுக்குக் கொண்டு வந்தால் வாசலில் அழகுக்குத்தான் நிற்கும். சேமித்த பணம் போனது போனதுதான்.

எழுதி வையுங்கள்

கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு போனால், ஸ்ட்ராபெரி வாங்கிய பிறகு சற்று ஓரமாக நின்று அந்தப் பழைய வண்டிகளைப் பாருங்கள். டிரைவர் சும்மா நின்றால் ஒரு வார்த்தை பேசுங்கள். வண்டியைப் பற்றிக் கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த இளைஞரின் வண்டி இரும்புக் கடைக்குப் போகாமல் நின்றதற்குக் காரணம் புதுச் சாமான் அல்ல. கழற்றுவதற்கு முன்னால் நான்கு கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தார். அவர் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல; கொழுந்து மூட்டையோடு மலை ஏறி இறங்கிய வருஷங்களில்.

நம் தோட்டங்களிலே இப்படி எத்தனை பேர்! லோரி டிரைவர், டிராக்டர் ஓட்டியவர், ரப்பர் ஆலையில் இயந்திரம் பார்த்தவர், பம்ப் வீட்டில் இருந்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பல இடங்களில் அதுவும் போய்த் தாமான்கள் வந்துவிட்டன. லயங்களைவிட்டு வந்த அந்தப் பெரியவர்கள் இன்று நம் வீட்டு ஐந்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே குறை சொல்லும் காது அவர்களுக்கு உண்டு. யாரும் கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை.

வாசகப் பெருமக்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொடுத்து உங்கள் பிள்ளையை, மகனோ மகளோ, தாத்தாவின் பக்கத்தில் உட்கார வையுங்கள். "தாத்தா, அந்த லோரி மேட்டுல நின்னப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளட்டும். தேதியும் போட்டு வைக்கட்டும்.